பாடம் நடத்த ஒருவர்: தத்துவத் துறை யாரை, எந்தப் பணியில் எடுப்பது?

தத்துவத் துறையில் ஓர் இடம் காலியாகிறது. முதலாண்டு அறிமுக வகுப்பு, அளவையியல் (தர்க்கம்), அறவியல் மூன்றையும் பல ஆண்டுகளாகச் சுமந்துவந்தவர் ஓய்வு பெறுகிறார். இடத்தை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்று நிர்வாகம் கேட்கிறது. பல துறைகள் இதை அரைமணி நேரக் கூட்டத்தில் பேசி முடித்துவிடுகின்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் துறை எப்படி இருக்கும் என்பது அந்த அரைமணியில்தான் முடிவாகிறது. நேர்காணல் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில், கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

வழிகள் நான்கு. ஆய்வில் பெயர் பெற்ற ஒருவரை எடுத்து அவரிடம் கூடுதலாகப் பாடங்களைக் கொடுக்கலாம். பாடங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விரிவுரையாளர்களிடம் விடலாம். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கற்பித்தலையே முதன்மைப் பணியாகக் கொண்ட ஒரு நிரந்தர இடத்தை உருவாக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அறிமுக வகுப்பில் வந்து உட்காருபவர்கள் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களில் பெரும்பாலோர் வேறு துறை மாணவர்கள். ஒரு பருவம் மட்டும் தத்துவம் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வாதத்தை நிறுத்தி நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேறெங்கும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரப்போவதில்லை. துறையின் மிக முக்கியமான வகுப்பு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு யாரை அனுப்புகிறோம் என்பதே இங்கே கேள்வி.

முதல் வழி பார்வைக்குக் கௌரவமானது. நல்ல ஆய்வாளர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ் இருவரும் 1996-இல் 58 ஆய்வுகளைத் திரட்டி இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். ஆய்வுத் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையே அவர்கள் கண்ட தொடர்பு 0.06 (முழுத் தொடர்பு என்றால் 1). ஏறக்குறைய ஒன்றுமில்லை. நல்ல ஆய்வாளர் மோசமான ஆசிரியராக இருப்பார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் பதவி உயர்வு விதி ஒன்றை மட்டுமே எண்ணுகிறது. கட்டுரை வெளியானதா, நூல் வந்ததா என்று கேட்கும் விதிக்குக் கீழே வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் முதலாண்டு மாணவரின் கட்டுரைக்கு இருபது நிமிடம் கொடுத்தால் அது அவருக்கு நட்டம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலையே அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளில் அவர் ஆய்வு நிதி பெற்று அறிமுக வகுப்பிலிருந்து விடுபட்டுவிடுவார். அந்த வகுப்பு மறுபடியும் ஆளில்லாமல் நிற்கும்.

இரண்டாவது வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1755 முதல் 1770 வரை கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத விரிவுரையாளராக இருந்தார். வகுப்புக்கு வரும் மாணவர்கள் தரும் கட்டணமே அவருடைய முதன்மை வருமானம். அளவையியல், மீவியற்பியல், அறவியல், புவியியல் என்று வாரம் முழுவதும் பேச வேண்டியிருந்தது. 1765-66 பருவத்துக்கான தன் பாட அறிவிப்பில், மாணவர் கற்க வேண்டியது தத்துவத்தை அன்று, தத்துவ முறையில் சிந்திப்பதை என்ற கருத்தை எழுதியவர் அந்த நிலையில் இருந்த காண்ட்தான். இதைச் சொல்லி மணிநேர முறைக்கு வக்காலத்து வாங்குபவர்களைக் கேட்டிருக்கிறேன். காண்ட் பதினைந்து ஆண்டுகள் தாங்கினார் என்பதால் அந்த ஏற்பாடு நல்லதாகிவிடாது.

நானும் மணிக்கணக்கில் ஊதியம் பெற்றவன்தான். திங்கள், புதன் ஒரு நிறுவனம், மற்ற நாள்களில் இன்னொன்று. இரண்டிலும் எனக்கு நாற்காலி கிடையாது. ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் வந்து, "ஐயா, உங்களை எங்கே வந்து பார்க்கலாம்?" என்று கேட்டாள். மாடிப்படியின் மூன்றாவது படியைக் காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து, இறங்கி ஏறுபவர்களுக்கு வழிவிட்டபடி, சுதந்திர விருப்பம் பற்றிய அவளுடைய கட்டுரையைப் பேசினோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்தேன். மீதியைப் பேச அந்தப் பருவம் முழுவதும் வாய்க்கவில்லை. வகுப்பில் நின்ற மணிக்கு ஊதியம் தந்தார்கள், தாள் திருத்திய மணிக்குத் தரவில்லை. தத்துவத்தில் பாதி வேலை தாள் திருத்துவது. அந்தப் பாதிக்கு ஊதியமில்லை என்றால், அந்த வேலை தானாகத் தேய்ந்துபோகும். பலவுள் தெரிவு வினாக்கள் வந்து சேரும். சிக்கனம் என்று நிர்வாகம் நினைப்பது உண்மையில் பாடத்தின் சுருக்கம்.

ஒப்பந்த முறை இதைவிடப் பரவாயில்லை. அறை உண்டு, மாதச் சம்பளம் உண்டு, துறைக் கூட்டத்தில் ஓரத்தில் இடமும் உண்டு. முதல் ஆண்டு பாடத்திட்டத்தைக் கட்டுவதில் போகும். இரண்டாம் ஆண்டில்தான் வகுப்பு கைக்கு வரும். மூன்றாம் ஆண்டில் அவர் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுவார், தொடங்கித்தான் ஆக வேண்டும். முதலாண்டில் அவரிடம் படித்த மாணவி இறுதியாண்டில் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும்போது அறைக் கதவில் வேறொருவர் பெயர் இருக்கும். மூத்த ஆசிரியர் ஒருவரின் ஓராண்டு விடுப்பை நிரப்ப இந்த முறை பொருத்தமானது. நிரந்தரமாக நடக்க வேண்டிய வகுப்புக்குப் பொருந்தாது.

நான்காவது வழியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கற்பித்தலை மையமாகக் கொண்ட நிரந்தரப் பேராசிரியர் பணி பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் பிரிவு என்றே தனிப் பதவி வரிசை உண்டு. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று அதற்குள்ளேயே மேலே போகலாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அதைக் கல்வித் தலைமைப் பிரிவு என்கிறது. கலிஃபோர்னியாவில் பணிப் பாதுகாப்புள்ள விரிவுரையாளர் என்று நீண்ட பெயரோடு இருந்த பதவியை இப்போது கற்பித்தல் பேராசிரியர் என்று வழங்குகிறார்கள்.

இப்படிப்பட்டவர்களால் மாணவருக்கு நன்மை உண்டா? டேவிட் ஃபிக்லியோ, மார்ட்டன் ஷபிரோ, கெவின் சோட்டர் மூவரும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2008 வரை சேர்ந்த மாணவர்களின் முதல் பருவப் பாடங்களை ஆராய்ந்தார்கள். நிரந்தர ஆய்வுப் பதவி வரிசையில் இல்லாத ஆசிரியரிடம் ஒரு பாடத்தின் முதல் வகுப்பைப் படித்தவர்கள், அதே பாடத்தில் அடுத்த வகுப்பை எடுக்கும் வாய்ப்பும் அதில் நல்ல மதிப்பெண் பெறும் வாய்ப்பும் கூடியிருந்தன. மணிநேர முறைக்கு ஆதரவாக இந்த ஆய்வைக் காட்டுபவர்கள், அங்கே அந்த ஆசிரியர்களில் பலர் முழுநேரமாக நீண்டகாலம் பணிபுரிந்தவர்கள் என்பதைக் கவனிப்பதில்லை. அது ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு, தத்துவத்துக்கு மட்டுமான ஆய்வும் அன்று. ஆனாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது.

இந்த வழியில் ஒரு பெரிய பள்ளமும் உண்டு. கற்பித்தல் பணி இரண்டாந்தரக் குடியுரிமை ஆகிவிடலாம். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வைத் தரப்படுத்தும் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்போது, ஆய்வுப் பொறுப்பு கணிசமாக உள்ள ஆசிரியர்கள் அனைவரையும் கணக்கில் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஆய்வில் பின்தங்கிய ஒருவருடைய ஒப்பந்தத்தைக் கற்பித்தல் மட்டும் என்று மாற்றிவிட்டால் கணக்கிலிருந்து அவரை எடுத்துவிடலாம் என்ற தூண்டுதலும் அந்த விதியோடு கூடவே வந்தது. ஆய்வில் சோர்ந்தவரைக் கொண்டுபோய் வைக்கும் இடமாகக் கற்பித்தல் பணி மாறினால், அங்கே விரும்பி வருகிறவருக்கும் அதே முத்திரைதான் விழும்.

நான் மதிக்கும் நண்பர்கள் எழுப்பும் எதிர்ப்பு ஒன்று உண்டு. 'தத்துவத்தில் ஆய்வும் கற்பித்தலும் ஒன்றுதானே? புதிதாகச் சிந்திக்காதவர் பழைய குறிப்புகளைத்தான் படித்துக்கொண்டிருப்பார்' என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பத்து ஆண்டு ஒரே பாடத்தை நடத்தி, இடையில் எதையும் படிக்க நேரமில்லாத ஒருவரின் வகுப்பு வறண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் வறண்டதற்குக் காரணம் நூல் வெளியிடாதது அன்று, படிக்க நேரமில்லாதது. ஆகவே இந்தப் பணியை உருவாக்கும்போதே சிலவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். அவருக்குப் பிடித்த துறையில் மேல்வகுப்புப் பாடம் ஒன்று ஆண்டுதோறும் கிடைக்க வேண்டும். மற்றவர்களுக்குள்ள அதே விடுப்பும் துறைக் கூட்டத்தில் வாக்கும் வேண்டும். கற்பித்தல் பற்றி அவர் எழுதுவது பதவி உயர்வில் எண்ணப்பட வேண்டும். 1975 முதல் தத்துவம் கற்பிப்பதற்கென்றே ஓர் ஆய்விதழ் வெளிவந்துகொண்டிருக்கிறது. அதில் வரும் கட்டுரையை எழுதுவது மற்ற ஆய்விதழ்களில் எழுதுவதைவிட எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

பாடச்சுமையையும் எண்ணிவிடலாம். ஒரு பருவத்தில் நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர், ஆளுக்கு மூன்று கட்டுரைகள் என்றால் 480 தாள்கள். தாளுக்கு இருபது நிமிடம் வைத்தால் 160 மணி. பதினைந்து வாரப் பருவத்தில் வாரத்துக்குப் பத்து மணிக்கு மேல் திருத்துவதற்கு மட்டும் போகும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதிய கட்டுரையை மட்டும் வைத்து மாணவரை அறிய முடியவில்லை. எழுதியதைப் பற்றி நேரில் பத்து நிமிடம் பேச வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வகுப்புக்கு 400 நிமிடம், நான்கு வகுப்புக்கு இருபத்தாறு மணிக்கு மேல், அதுவும் ஒரே ஒரு சுற்றுக்கு. ஆகவே மூன்று வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்பதே என் கோரிக்கை. நிர்வாகம் ஐந்து வகுப்பு என்று அழுத்தினால், கட்டுரை எழுதாத தத்துவ வகுப்புக்குத்தான் சம்மதிக்கிறோம் என்று அறிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும்.

பணி முடிவானால் ஆள் யார் என்ற கேள்வி வருகிறது. துறைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

விண்ணப்பத்தோடு முதலில் வருவது மாணவர் மதிப்பீட்டு எண்கள். ஐந்துக்கு 4.7, ஐந்துக்கு 4.3 என்று வரிசைப்படுத்த வசதியாக இருக்கும். ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2010-இல் அமெரிக்க விமானப்படை அகாதமியின் கணக்கு வகுப்புகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு என்னை உலுக்கியது. அங்கே மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் போவார்கள் என்பது குலுக்கல் போலத்தான் முடிவாகும். ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுக்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் நன்றாகச் செய்தவர்கள், மதிப்பீட்டில் பின்தங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்களாக இருந்தார்கள். 2018-இல் டொராண்டோவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டு எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார். படிவத்தில் மாணவர் கைப்பட எழுதிய வரிகளைப் படியுங்கள். எண்ணை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள்.

கற்பித்தல் கொள்கை அறிக்கை என்று ஒன்று கேட்பார்கள். நான் படித்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அதை விட்டுவிடலாம்.

மாதிரி வகுப்பு பயன்படும், பார்க்கத் தெரிந்தால். ஒரு தேர்வில் இரண்டு பேருக்கும் ஒரே பொருளைக் கொடுத்திருந்தோம், வாதத்தின் வடிவம் சரியாக இருப்பதற்கும் கூற்று உண்மையாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு. உண்மையான முதலாண்டு மாணவர்களையே உட்கார வைத்தோம். இருவரும் ஏறக்குறைய ஒரே எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதியது தற்செயல்: எல்லாப் பறவைகளும் பறக்கும், பெங்குவின் ஒரு பறவை, ஆகவே பெங்குவின் பறக்கும். இருவரிடமும் ஒரு மாணவர் எழுந்து, "தப்பு, பெங்குவின் பறக்காது" என்றார்.

முதலாமவர் அழகாக விளக்கினார். வடிவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று அச்சு, மாவு உவமை சொல்லி, இரண்டே நிமிடத்தில் முடித்தார். மாணவர்கள் தலையாட்டினார்கள். இரண்டாமவர், "பெங்குவின் பறக்காது என்பது சரி. அப்படியானால் மேலே உள்ள இரண்டு வரிகளில் எது உங்களை ஏமாற்றியது? வந்து திருத்துங்கள்" என்று சாக்பீஸை நீட்டினார். மாணவர் பலகைக்கு முன் நின்றார். வகுப்பே அமைதியாக இருந்தது. அரை நிமிடம் இருக்கும், எங்களுக்கு அது நெடுநேரமாகத் தோன்றியது. அவர் முதல் வரியில் 'எல்லா' என்பதை அழித்துவிட்டுப் 'பல' என்று எழுதினார். "இப்போது மூன்றாவது வரி வருமா?" என்று ஆசிரியர் கேட்டார். மாணவர் பலகையைப் பார்த்தபடியே, "இப்போ வராது... அப்படியென்றால் முன்னால் வந்ததா?" என்றார். அந்த வகுப்பின் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. ஆசிரியர் தன் வாயால் அதைச் சொல்லவே இல்லை.

குழுவில் பெரும்பாலோர் முதலாமவருக்குத்தான் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். மாணவர்களும் அவரையே விரும்பினார்கள். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் செய்த சோதனையிலும் இதே போக்குதான் தெரிந்தது. தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் தாங்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். அன்று நீண்ட விவாதத்துக்குப் பிறகு இரண்டாமவரை எடுத்தோம். மாதிரி வகுப்பில் ஆசிரியரைப் பார்ப்பதைக் குறைத்து மாணவர் முகத்தைப் பாருங்கள் என்று புதிதாகக் குழுவில் சேருபவர்களிடம் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

இவற்றையெல்லாம்விட நான் நம்புவது திருத்திய தாளை. பிறகு நடந்த ஒரு தேர்வில், மாணவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றைப் பெயர் நீக்கிப் படியெடுத்து, விண்ணப்பதாரர் ஒவ்வொருவரிடமும் கொடுத்து, நாற்பது நிமிடத்தில் திருத்தித் தரச் சொன்னோம். எதையும் ஐயப்பட்டுப் பார்த்த பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் பற்றிய அந்தக் கட்டுரையில் இப்படி ஓர் இடம்: 'கனவிலும் எல்லாம் உண்மை போலவே தோன்றுகிறது. ஆகவே நாம் இப்போது கனவு காண்கிறோம் என்று டெகார்ட் நிரூபிக்கிறார்.' ஒருவர் ஓரத்தில், 'தவறு. டெகார்ட் இப்படிச் சொல்லவில்லை. மூலத்தை மீண்டும் படிக்கவும்' என்று எழுதி, பக்கம் முழுவதும் எழுத்துப் பிழைகளையும் வட்டமிட்டிருந்தார். ஒன்றும் பிழையில்லை, அவர் எழுதியது அனைத்தும் உண்மை.

இன்னொருவர் 'ஆகவே' என்ற சொல்லுக்கு மட்டும் கீழே கோடிட்டிருந்தார். ஓரத்தில்: 'முதல் வாக்கியம் நன்றாக இருக்கிறது. அதிலிருந்து நாம் கனவு காண்கிறோம் என்பது வருமா? கனவு காணவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது மட்டும் வருமா? டெகார்ட்டின் நோக்கத்துக்கு இரண்டில் எது போதும்?' எழுத்துப் பிழைகளைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி. அந்தத் தாள் கைக்கு வந்த மாணவரால் அன்றிரவே உட்கார்ந்து அந்தப் பத்தியை மறுபடி எழுத முடியும். முதல் தாளைப் பெற்றவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துவிடுவார்.

அகன்ற பயிற்சியா, ஆழ்ந்த பயிற்சியா என்பதிலும் ஒரு சொல். அறிமுக வகுப்புக்கு அகலம் உள்ளவரையே நான் எடுப்பேன். அரிஸ்டாட்டிலின் மூன்று வரி வாத வடிவத்தைச் சொல்லிவிட்டு, இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாய தரிசனத்தின் பிரதிக்ஞை, ஹேது, உதாரணம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்பு அனுமானத்தை அதன் பக்கத்தில் எழுதி, 'உதாரணத்துக்கு இங்கே ஏன் தனி இடம்?' என்று கேட்கத் தெரிந்தவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி ஒரு வாரத்துக்குப் போதும்.

நிரந்தரப் பணிக்கு நிதியில்லை என்று கையை விரிக்கும் நிர்வாகங்கள் உண்டு. அப்போது மணிநேர முறைக்குச் சரிந்துவிடாமல் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் கேளுங்கள். நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை ஓராண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும், தாள் திருத்தும் நேரம் பணிநேரமாக எண்ணப்பட வேண்டும், பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறை வேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல.

எந்தப் பணியானாலும் விளம்பரத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: விண்ணப்பத்தோடு, நீங்கள் திருத்திய மாணவர் கட்டுரை ஒன்றைப் பெயர் மறைத்து, அந்த மாணவரின் ஒப்புதலோடு இணைக்கவும். உங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு அதே மாணவர் மறுபடி எழுதியது கையில் இருந்தால் அதையும் இணைக்கவும்.